முதலாளி ஆடினால் என்ன தப்பு?

ஆடித் தள்ளுபடி விளம்பரங்கள் ஆரம்பித்துவிட்டன. கூடவே கேலியும். கடை முதலாளி தானே கேமரா முன்னால் வந்து நின்றால் போதும், நம் ஆட்களுக்கு ஒரு வாரத்துக்கு மீம் தயார். சரவணா ஸ்டோர்ஸ் லெஜண்ட் சரவணன் ஹன்சிகாவோடும் தமன்னாவோடும் விளம்பரத்தில் ஆடியபோது எப்படி ஓட்டினார்கள் என்று ஞாபகம் இருக்கும். 2022ல் அவர் சினிமாவில் கதாநாயகனாகவே வந்ததும் கேலி இன்னும் மோசமானது. நடிப்பு சரியில்லை என்று சொல்லுங்கள், கேட்டுக்கொள்ளலாம். என் டைம்லைனில் வந்ததில் பாதிக்கு மேல் அந்த மனிதரின் முகத்தையும் நிறத்தையும் பற்றித்தான்.

எனக்கு இந்த முதலாளி விளம்பரங்கள் பிடிக்கும். மனசாரச் சொல்கிறேன்.

வசந்த் அண்ட் கோ வசந்தகுமாரை எடுத்துக்கொள்ளுங்கள். சேல்ஸ்மேனாக வேலை பார்த்துவிட்டு 1978ல் சொந்தக் கடை போட்டவர். ஃபிரிட்ஜ், டிவி விளம்பரத்தில் நடிகையைத் தேடாமல் தானே சிரித்துக்கொண்டு வந்து நின்றார். 2020 ஆகஸ்டில் கொரோனாவில் இறந்தபோது அவர் கன்னியாகுமரி எம்.பி. ஆனால் எங்கள் வீட்டில் எல்லாரும் பேசியது அந்த விளம்பரச் சிரிப்பைப் பற்றித்தான். லலிதா ஜுவல்லரி கிரண்குமாரும் அப்படித்தான். மொட்டைத் தலை, தாய்மொழி தமிழ் இல்லை என்று முதல் வரியிலேயே தெரிந்துவிடும். இருந்தாலும் கூச்சப்படாமல் பேசுகிறார். நகையைப் போட்டோ எடுத்துக்கொண்டு போய் மற்ற கடையில் விலை கேட்டுப் பாருங்கள் என்கிறார். செய்கூலி, சேதாரம் என்ற கணக்கே புரியாமல் நகைக்கடைக்குள் போய் வந்த குடும்பங்களுக்கு அது உபயோகமான பேச்சு.

இவர்கள் டிவிக்குள் வருவதற்கு முன்னால் அங்கே யார் முகத்துக்கு இடம் இருந்தது?

சென்னையில் தொலைக்காட்சி நிலையம் வந்தது 1975ல். ஃபேர் அண்ட் லவ்லி க்ரீம் சந்தைக்கு வந்ததும் அதே வருஷம்தான். அடுத்த வருஷம் தூர்தர்ஷனில் விளம்பரங்கள் ஆரம்பித்தன. பிறகு வந்த சிவப்பழகு விளம்பரங்களின் கதை நமக்கெல்லாம் மனப்பாடம். கறுத்த பெண், வேலை கிடைக்காது, வரன் அமையாது. க்ரீம் பூசுவாள், முகம் படிப்படியாக வெளுக்கும், கதவெல்லாம் திறக்கும். எத்தனை நாளில் எவ்வளவு வெளுத்திருக்கிறோம் என்று அளந்து பார்க்க டப்பாவுக்குள்ளேயே ஒரு அட்டை வேறு கொடுத்தார்கள். அந்த அட்டையைக் கன்னத்தில் வைத்துப் பார்த்த பதினைந்து வயதுப் பெண்களை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் ஆத்திரம் வருகிறது. மகன் இல்லையே என்று அப்பா ஏங்க, மகள் க்ரீம் பூசி விமானப் பணிப்பெண் ஆகும் விளம்பரம் ஒன்று வந்ததே, அதை எதிர்த்து ஜனநாயக மாதர் சங்கம் போராடியது. 2003ல் நிறுத்தினார்கள். அந்தப் பெண்களுக்கு நாம் நன்றி சொல்லியிருக்கிறோமா?

வடக்கத்திக் கம்பெனி செய்த வேலை என்று தள்ளிவிடவும் முடியாது. குங்குமப்பூ, பால் என்று சொல்லி 1998ல் ஃபேரெவர் க்ரீமைக் கொண்டுவந்தது நம்ம சென்னைக் கம்பெனிதான். பெண்கள் போதாதென்று 2005ல் ஆண்களுக்கும் தனி க்ரீம் வந்தது. எதிர்ப்பும் இங்கிருந்தே கிளம்பியது என்பதையும் சொல்ல வேண்டும். 2009ல் கறுப்பும் அழகுதான் என்று பிரசாரத்தைத் தொடங்கியது சென்னையில் இருக்கும் விமன் ஆஃப் வொர்த் அமைப்பு. நடிகை நந்திதா தாஸ் அதில் பிறகுதான் சேர்ந்தார். நிறத்தைக் காட்டி யாரையும் தாழ்த்தக் கூடாது என்று விளம்பரத் தரக் கவுன்சில் விதி போட 2014 ஆனது. ஃபேர் அண்ட் லவ்லி பெயரில் இருந்த ஃபேர் 2020ல்தான் போனது, அதுவும் அமெரிக்காவில் கறுப்பின மக்கள் தெருவில் இறங்கிய பிறகு. சாய் பல்லவி அப்படி ஒரு க்ரீம் விளம்பரத்தை மறுத்தபோது எனக்கு அவர் மேல் இருந்த மரியாதை பல மடங்கு ஏறியது.

விதி மாறியது, பெயர் மாறியது. ஜவுளிக்கடை விளம்பரம் மாறியதா? இன்றைக்கு டிவியைப் போட்டுப் பாருங்கள். காஞ்சிபுரம் பட்டு, மல்லிகைப்பூ, நாதஸ்வரம், கோயில் மண்டபம் எல்லாம் நம்முடையது. நடுவில் நிற்கும் மணப்பெண்ணை மட்டும் ரங்கநாதன் தெருவில் ஒரு நாள் முழுக்க நின்றாலும் பார்க்க முடியாது. வாய் ஒன்று அசைய, குரல் வேறொன்று சொல்லும். புடவை வாங்கும் பெண்ணின் சாயலில் ஒருத்தியைக் கூடக் காட்டாமல் அவளிடமே புடவையை விற்கிறார்கள். நாமும் வாங்கிக்கொண்டு வருகிறோம்.

அதனால்தான் முதலாளி வந்து ஆடும்போது எனக்குச் சந்தோஷமாக இருக்கிறது. நம் தெருவில் நடக்கிற ஒரு முகம் பிரைம் டைமில் வருகிறது. காசு இருப்பதால் வருகிறார் என்பீர்கள். உண்மைதான். அவருக்கு இரண்டு பக்கமும் ஆடுகிறவர்கள் அதே வெள்ளைத் தோல் நாயகிகள்தான் என்பதும் உண்மை. தன் முகத்தைக் காட்டத் துணிந்தவர் பக்கத்தில் இன்னொரு மாநிறத்துக்காரியை நிறுத்தத் துணியவில்லை. எனக்கு அங்கேதான் வருத்தம்.

உள்ளூர் கேபிள் சேனல் விளம்பரங்களில் இந்தப் பிரச்சினையே கிடையாது. மாவட்டத் தலைநகர் எதற்கு வேண்டுமானாலும் போய்ப் பாருங்கள். பாத்திரக்கடைக்காரரின் மனைவியே குக்கரைக் கையில் வைத்துக்கொண்டு நிற்பார். ரெடிமேட் கடை விளம்பரத்தில் ஓனரின் பேரன் பாவாடை சட்டை போட்ட தங்கச்சியோடு ஓடி வருவான். எழுத்து சுழன்று சுழன்று வரும், எக்கோ போட்ட குரலில் பஸ் ஸ்டாண்டு எதிரில் என்று மூன்று தடவை சொல்வார்கள். பட்ஜெட் இல்லாததால் அப்படி எடுக்கிறார்கள், தெரியும். ஆனால் அந்த முகங்கள் அத்தனையும் அந்த ஊர் முகங்கள்.

பெரிய ஜவுளிக்கடை முதலாளிகளிடம் எனக்கு ஒரு கோரிக்கை இருக்கிறது. உங்கள் கடையில் காலை முதல் இரவு வரை புடவையை விரித்துக் காட்டும் பெண்கள் இருக்கிறார்களே, இந்தத் தீபாவளிக்கு அவர்களை விளம்பரத்தில் நிறுத்துங்கள். நாள் முழுக்க நின்றே வேலை பார்க்கும் அவர்கள் உட்கார நாற்காலி போட வேண்டும் என்று சட்டம் கொண்டுவரவே தமிழ்நாட்டில் 2021 ஆக வேண்டியிருந்தது. எந்தப் புடவை எந்த நிறத்துக்கு எடுக்கும் என்று அவர்களை விட யாருக்குத் தெரியும்? நடிகைக்குக் கொடுக்கும் சம்பளத்தில் பத்தில் ஒரு பங்கை அவர்களுக்குக் கொடுங்கள். அப்படி ஒரு விளம்பரம் வந்தால் எங்கள் வீட்டுத் தீபாவளித் துணி மொத்தமும் அந்தக் கடையில்தான் எடுப்பேன்.

ஏற்கெனவே ஏதாவது ஊரில் யாராவது இப்படி எடுத்திருந்தால் வீடியோவைக் கமெண்ட்டில் போடுங்கள். நான் ஷேர் பண்ணுகிறேன்.