புதிதாகச் சேர்ந்தவருக்கு யாருடைய நேரத்தை ஒதுக்கினீர்கள்?

பூங்கொத்து, பெயர் போட்ட கோப்பை, எல்லோரும் சேர்ந்து நின்று ஒரு படம். வேலையில் சேரும் நாளில் இவை கிடைத்தால் சந்தோஷம்தான், வேண்டாம் என்று யார் சொல்வார்கள்? ஆனால் மதியத்துக்கு மேல் எல்லோரும் அவரவர் வேலையில் மூழ்கிய பிறகு, யாரிடம் போய் என்ன கேட்பது என்று தெரியாமல் அவர் தனியாக உட்கார்ந்திருப்பார். வரவேற்பு தேவைப்படுவது அந்த நேரத்தில்தான்.

"எப்ப வேணும்னாலும் கேளுங்க" என்று நாம் எல்லோருமே சொல்கிறோம், மனதாரத்தான் சொல்கிறோம். கேட்க வருகிறவர் பார்ப்பதோ காதில் ஹெட்ஃபோன், விடாமல் அடிக்கும் போன், சுருங்கிய புருவம். இப்போது கேட்கலாமா, அப்புறம் கேட்கலாமா என்று தயங்கியே அரை நாள் போய்விடும். கேள்வியும் பெரிதாக இருக்காது. விடுப்பு வேண்டுமென்றால் யாரிடம் சொல்வது, கூட்டத்தில் எல்லோரும் சொல்லும் அந்த மூன்றெழுத்துக்கு என்ன அர்த்தம், சாப்பிட எத்தனை மணிக்கு எழுந்து போகலாம். இவ்வளவு சின்ன விஷயம் என்பதாலேயே கேட்கக் கூச்சம். "தினமும் பதினொரு மணிக்குக் கால் மணி நேரம் உங்களுக்காக வைத்திருக்கிறேன்" என்று ஒருவர் சொல்லிவிட்டால் அந்தக் கூச்சம் பாதி போய்விடும்.

சரி, அந்த ஒருவர் யார்? பல இடங்களில் ஒருவரை நியமிக்கத்தான் செய்கிறார்கள். பெரும்பாலும் குழுவிலேயே கெட்டிக்காரர், அதனாலேயே ஏற்கெனவே தலைக்கு மேல் வேலை உள்ளவர். புதியவரையும் பார்த்துக்கொள்ளச் சொல்வார்கள், அவருடைய வேலையில் எதையும் குறைக்க மாட்டார்கள். அவரும் ஆசையாகத்தான் ஆரம்பிப்பார். கெடு நெருங்கியதும் குரலில் எரிச்சல் வரும். தான் ஒரு தொந்தரவு என்று புதியவர் முடிவுகட்டிவிடுவார். இதில் அந்த மூத்த ஊழியரை நான் குறை சொல்ல மாட்டேன். வேலையைக் குறைத்துக் கொடுக்காத மேலாளரின் தவறு அது.

மைக்ரோசாஃப்ட் நிறுவனம் புதிய ஊழியர்களுக்குத் துணையாக ஒரு சக ஊழியரை அமர்த்திப் பார்த்தது. 2019-இல் வெளியான அதன் விவரங்களின்படி, முதல் 90 நாட்களில் அந்தத் துணையை ஒருமுறையாவது சந்தித்தவர்களில் 56 சதவீதம் பேர், வேலையைச் சீக்கிரம் பிடித்துக்கொள்ள அது உதவியது என்றார்கள். எட்டு முறைக்கு மேல் சந்தித்தவர்களிடம் அது 97 சதவீதம். ஊழியர்கள் தாங்களே சொன்ன பதில்தான், இருந்தாலும் எவ்வளவு பெரிய வித்தியாசம்! காகிதத்தில் ஒரு பெயரை எழுதிவைத்தால் போதாது, இருவரும் உட்கார்ந்து பேச நேரம் வேண்டும்.

தொழிற்சாலைகளில் இது உடம்பைக் காக்கும் விஷயமும்கூட. வேலைக்குப் போக முடியாத அளவுக்குக் காயம்படும் ஆபத்து, ஓராண்டுக்கு மேல் வேலை செய்தவர்களைவிட முதல் மாதத்தில் இருப்பவர்களுக்கு மூன்று மடங்குக்கும் அதிகம் என்று டொராண்டோவின் வேலை, உடல்நல ஆய்வு நிறுவனம் கண்டறிந்திருக்கிறது. காரணங்கள் பல இருக்கலாம். ஆனால் எந்தப் பொத்தான் எதற்கு என்று கேட்க வெட்கப்படுகிறவரை இயந்திரத்தின் முன்னால் தனியாக நிறுத்துவதை என்னால் ஏற்கவே முடியாது.

அவரைப் பேசவிடுவதும் முக்கியம். இந்தியாவில் விப்ரோவின் வாடிக்கையாளர் சேவைப் பிரிவில் நடந்த ஒரு சோதனையின் முடிவுகள் 2013-இல் வெளியாகின. சேர்ந்தவர்களில் ஒரு பகுதியினருக்கு நிறுவனத்தின் பெருமையைச் சொன்னார்கள். இன்னொரு பகுதியினரிடம், உங்களுடைய பலம் என்ன, அதை இந்த வேலையில் எப்படிப் பயன்படுத்துவீர்கள் என்று கேட்டார்கள். இப்படிக் கேட்கப்பட்டவர்களில் வேலையை விட்டுப் போனவர்கள் குறைவு, வாடிக்கையாளர்களின் திருப்தியும் கூடுதல். முதல் நாளில் ஏறக்குறைய ஒரு மணி நேரப் பேச்சு, அவ்வளவுதான். வேறு இடத்தில் பல வருடம் வேலை பார்த்துவிட்டு வருகிறவரிடமும் இதைக் கேட்க வேண்டும். "அனுபவசாலி, அவரே பார்த்துக்கொள்வார்" என்று அவரை இன்னும் அதிகமாகக் கைவிடுகிறோம்.

ஒப்பந்தத்தில் வரும் காவலாளி, துப்புரவுப் பணியாளர், ஓட்டுநர் ஆகியோருக்குப் பூங்கொத்தும் கிடையாது, அறிமுகமும் கிடையாது. பல நேரம் பெயரைக்கூட யாரும் கேட்பதில்லை. தண்ணீர் எங்கே, உட்கார இடம் எங்கே, பிரச்சினை என்றால் யாரிடம் சொல்வது என்று முதல் நாளில் கூடவே நடந்து காட்ட அவர்களுக்கும் ஒரு ஆள் வேண்டும். மேலாளராக இருப்பவர்கள் அடுத்தமுறை ஆள் சேர்க்கும்போது அவர்களுக்கான நேரத்தையும் சேர்த்தே ஒதுக்குங்கள்.