ஆய்வு கேட்கும் துறை நேரமும் கொடுக்க வேண்டும்

குழந்தைகள் நலப் பிரிவில் பயிற்சி பெறும் ஒவ்வொரு இளம் மருத்துவரிடமும் ஆய்வு செய்யச் சொல்கிறோம். ஆய்வேடு கொடுத்தால்தான் பட்டம், கட்டுரை வெளிவந்தால்தான் அடுத்த பணியிடம் என்று விதியும் வகுத்திருக்கிறோம். ஆனால் அந்த ஆய்வை அவர் எந்த நேரத்தில் செய்வார் என்பதை டூட்டி பட்டியல் போடும்போது எண்ணிப் பார்ப்பவர்கள் மிகக் குறைவு. இரவுப் பணி முடித்து, காலை ரவுண்ட்ஸில் நின்று, டிஸ்சார்ஜ் சம்மரிகளையும் எழுதி முடித்த பிறகு மிஞ்சும் அரைத் தூக்கத்தில் செய்யப்படும் ஆய்வு எப்படி இருக்குமோ, அப்படித்தான் அலமாரிகளில் அடுக்கியிருக்கும் பல ஆய்வேடுகள் இருக்கின்றன. பல ஆண்டுகளாக இத்தகைய ஆய்வுகளுக்கு வழிகாட்டியாக இருந்துவரும் எனக்கு இதில் உறுதியான கருத்து உண்டு: நேரமும் துணையும் தர முடியாத துறைக்கு ஆய்வு கேட்கும் உரிமை கிடையாது.

இளம் மருத்துவர்கள் ஆய்வு செய்யத்தான் வேண்டும். குழந்தையின் படுக்கையருகே அதிக நேரம் நிற்பவர்கள் அவர்களும் செவிலியர்களும்தான் என்பதால், நல்ல கேள்விகள் முதலில் அவர்கள் கண்ணில்தான் படுகின்றன. 1956ஆம் ஆண்டுக் கோடையில், இங்கிலாந்தின் ராச்ஃபோர்டு மருத்துவமனையில், குறைமாதக் குழந்தைகளை வெயிலில் கொண்டுபோய் வைக்கும் வழக்கமுடைய ஜீன் வார்டு என்ற செவிலியர், ரவுண்ட்ஸ் வந்த மருத்துவர்களிடம் மஞ்சள் காமாலை கண்ட ஒரு குழந்தையின் துணியை விலக்கி வயிற்றைத் தயக்கத்தோடு காட்டினார். உடலெங்கும் மஞ்சள் வெளிறியிருக்க, துணியின் மூலை மறைத்திருந்த ஒரு முக்கோணம் மட்டும் அடர் மஞ்சளாகவே இருந்தது. பின்னர் சன்னலோரம் வெயிலில் இருந்துவிட்ட இரத்த மாதிரி ஒன்றிலும், அந்த மஞ்சள் நிறத்துக்குக் காரணமான பிலிரூபின் என்ற நிறமியின் அளவு குறைந்திருந்தது. இவற்றை விடாமல் பின்தொடர்ந்து அங்கிருந்த மருத்துவர் கிரெமரும் உடன் பணியாற்றியவர்களும் 1958இல் வெளியிட்ட கட்டுரையே, இன்று பச்சிளங்குழந்தைப் பிரிவுகளில் மஞ்சள் காமாலைக்குத் தரும் ஒளி சிகிச்சைக்கு வித்திட்டது. ஒரு செவிலியரின் கவனிப்பை அளந்து பார்க்க அந்தத் துறை இடம் கொடுத்ததால் நடந்தது இது.

குழந்தைகள் விஷயத்தில் அனுபவத்தையும் ஊகத்தையும் மட்டும் நம்ப முடியாது என்பதையும் சொல்ல வேண்டும். இரத்த ஓட்டம் மிகக் குறைந்த அதிர்ச்சி நிலையில் (ஷாக்) வரும் குழந்தைக்கு நரம்பு வழியாக வேகமாகத் திரவம் ஏற்றுவது நெடுங்காலம் கேள்விக்கு அப்பாற்பட்ட சிகிச்சையாக இருந்தது. உகாண்டா, கென்யா, தான்சானியா ஆகிய நாடுகளில் கடும் காய்ச்சலும் இரத்த ஓட்டக் குறைவுமாக வந்த 3,000க்கும் மேற்பட்ட குழந்தைகளிடம் அதைச் சோதித்த ஃபீஸ்ட் ஆய்வு 2011இல் வெளியானபோது, அவ்வாறு திரவம் ஏற்றப்பட்டவர்களில் 48 மணி நேரத்துக்குள் இறந்தோர் ஏறத்தாழ 10.5 சதவீதம் என்றும், ஏற்றப்படாதவர்களில் 7.3 சதவீதம் என்றும் தெரிந்தது. தீவிர சிகிச்சை வசதியில்லாத மருத்துவமனைகளில் கிடைத்த முடிவு என்பதால் அதை எல்லா இடத்துக்கும் அப்படியே பொருத்த முடியாது. ஆனாலும் அந்தச் சோதனை நடந்திராவிட்டால் இப்படியொரு வேறுபாடு இருப்பதே நமக்குத் தெரிந்திருக்காது.

இனி, இளம் மருத்துவர்களுக்குத் தர வேண்டிய துணையைப் பற்றிச் சொல்கிறேன். வழிகாட்டியின் முதல் வேலை, கேள்வியைச் சிறிதாக்கித் தருவது. நிமோனியாவோடு அனுமதிக்கப்படும் குழந்தைகளின் நோய்க்கூறுகள் என்ற பரந்த தலைப்போடு ஒரு பயிற்சி மருத்துவர் என்னிடம் வந்தார். எதையும் கேட்காத தலைப்பு அது. வார்டில் எது உங்களை உறுத்துகிறது என்று கேட்டபோது, கேஸ் ஷீட்களில் மூச்சு எண்ணிக்கை எப்போதும் 40, 44, 48, 52 என்றே இருக்கிறது, ஒற்றைப்படை எண்ணே அகப்படவில்லை என்றார். முழு நிமிடம் எண்ணாமல் 15 அல்லது 30 நொடி எண்ணிப் பெருக்கினால்தான் அப்படி வரும். 2 மாதம் முதல் ஒரு வயது வரை நிமிடத்துக்கு 50, அதற்கு மேல் 5 வயது வரை 40 என்பது வேக மூச்சுக்கு உலக சுகாதார நிறுவனம் வகுத்த வரம்பு. 15 நொடியில் ஒரு மூச்சைத் தவறவிட்டால் கணக்கில் நான்கு குறையும். வரம்பையொட்டி நிற்கும் குழந்தைக்கு ஆன்டிபயாடிக் தருவதா வேண்டாமா என்ற முடிவே மாறிவிடும். பெரிய செலவில்லாமல், ஒரு கடிகாரத்தோடு, ஒரே வார்டில் செய்யக்கூடிய அருமையான ஆய்வு அவர் கையிலேயே இருந்தது. அதைக் கேட்டு எடுப்பதற்கு எனக்குத் தேவைப்பட்டது அவசரமில்லாத ஓர் உரையாடல் மட்டுமே.

புள்ளியியலாளரையும் தொடக்கத்திலேயே அழைக்க வேண்டும். எடையைச் சிலர் கிராமிலும் சிலர் கிலோவிலும், வயதைச் சிலர் மாதத்திலும் சிலர் ஆண்டிலும் நிரப்பிய எக்செல் தாளைக் கடைசி மாதத்தில் அவர் முன் வைத்தால் அவரால் என்ன செய்ய முடியும்?

நேரம் என்று நான் சொல்வது, வாரத்தில் அரை நாளாவது டூட்டி பட்டியலில் எழுத்தில் இடம்பெற்று, ஆள் பற்றாக்குறை வந்ததும் முதலில் பறிக்கப்படாத நேரம். சில மாதங்களுக்கு ஒருமுறை பிரிவு மாறும் பயிற்சி மருத்துவரால் நெறிமுறைக் குழுவின் அனுமதியையே சில வேளைகளில் அந்தக் காலத்துக்குள் பெற முடிவதில்லை. ஆகவே ஆய்வு தனி ஒருவருடையதாக இல்லாமல் துறையுடையதாக இருந்து, நோயாளிகளை ஒப்படைப்பது போலவே அடுத்து வருபவரிடம் முறையாக ஒப்படைக்கப்பட வேண்டும். குழந்தை நோய்களில் பல அரிதானவை. ஒரு மருத்துவமனையின் எண்ணிக்கை எதற்கும் போதாது. குழந்தைகளின் லிம்போபிளாஸ்டிக் இரத்தப் புற்றுநோயில் 1960களில் மிகச் சிலரே பிழைத்தனர். இன்று நல்ல சிகிச்சை கிடைக்கும் இடங்களில் 10 பேரில் ஏறத்தாழ 9 பேர் பிழைக்கிறார்கள் என்றால், பல மருத்துவமனைகள் ஒரே சிகிச்சைத் திட்டத்தைப் பின்பற்றித் தொடர்ந்து நடத்திய கூட்டு ஆய்வுகளுக்கு அதில் பெரும் பங்கு உண்டு. பயிற்சி மருத்துவர்கள் தங்களுக்குள் வலையமைப்பு அமைத்து, ஒரே கேள்விக்குப் பல இடங்களில் தரவு திரட்டும் முறையை நான் மனமார ஆதரிப்பது இதனால்தான்.

பெற்றோரிடம் ஒப்புதல் கேட்பதையும் கற்றுத்தர வேண்டும். மூச்சுத் திணறும் குழந்தையோடு நள்ளிரவில் வந்த தாயிடம், சிகிச்சை தரும் அதே மருத்துவர் படிவத்தை நீட்டினால், மறுத்தால் கவனிப்புக் குறைந்துவிடுமோ என்று அவர் அஞ்சுவது இயல்பு. மறுக்க அவருக்கு முழு உரிமை உண்டு, சிகிச்சை அதே போலத் தொடரும் என்று எப்படிச் சொல்வது, விவரம் புரியும் வயதுக் குழந்தையின் இசைவையும் எப்படிக் கேட்பது என்பவற்றை மூத்தவர்கள் முதல் சில முறை உடனிருந்து செய்துகாட்ட வேண்டும்.

யார் பெயர் எந்த வரிசையில் வரும் என்பதை முதல் கூட்டத்திலேயே எழுதி வைத்துவிடுவது நல்லது. தரவைத் திரட்டிய பின் வேறு மருத்துவமனைக்குச் சென்றுவிட்ட இளம் மருத்துவருக்குக் கட்டுரையின் வரைவை அனுப்பி, திருத்தம் கேட்டு, அவருக்குரிய இடத்தில் அவர் பெயரை வைத்து அனுப்பும் பொறுப்பு வழிகாட்டியுடையது. எதிர்பார்த்த விளைவு கிடைக்காத ஆய்வுக்கும் இதே நடைமுறைதான்.