காற்றாலை அங்கே, வெளிச்சம் இங்கே

ஒரு பெருநகரம் தன் கூரைகள் அத்தனையிலும் சூரியத் தகடுகளைப் பதித்தாலும் தனக்கு வேண்டிய மின்சாரம் முழுவதையும் தானே எடுத்துவிட முடியாது. அடுக்குமாடிக் கட்டடத்துக்குக் கூரை ஒன்றுதான். அதன் கீழ் எத்தனையோ வீடுகள். அதனால் எந்த நகரம் ‘முழுவதும் பசுமை மின்சாரம்’ என்று அறிவித்தாலும், அந்த மின்சாரம் எந்த ஊர் நிலத்தில் பிறக்கிறது, அந்த ஊருக்கு என்ன கிடைத்தது என்றுதான் நான் முதலில் தேடுவேன்.

டெல்லி மெட்ரோவுக்கு மத்தியப் பிரதேசத்தின் ரேவாவில் உள்ள 750 மெகாவாட் சூரியப் பூங்காவிலிருந்து மின்சாரம் வருகிறது. நல்ல ஏற்பாடு. ஆனால் எனக்கு அதைவிடப் பிடித்தது ஆஸ்திரேலியத் தலைநகர் கான்பெரா செய்தது. ஆண்டுக் கணக்கில் தன் தேவை முழுவதற்கும் ஈடான புதுப்பிக்கத்தக்க மின்சாரம் என்ற இலக்கை 2020-இல் அது எட்டியது. பெரும்பகுதி அதன் எல்லைக்கு வெளியே உள்ள காற்றாலைகளில் உற்பத்தியாவது. அவற்றில் ஒன்றான ஹார்ன்ஸ்டேல், தெற்கு ஆஸ்திரேலியாவில் இருக்கிறது. அங்கே உற்பத்தியாகும் மின்சாரம் தனிக் கம்பியில் கான்பெராவுக்கு ஓடி வருவதில்லை, பொது மின்தொகுப்பில் கலந்துவிடுகிறது. கான்பெரா நடத்திய ஏலத்தில் வென்ற காற்றாலை நிறுவனத்துக்கு நிலையான விலையில் நீண்டகால ஒப்பந்தம். சந்தை விலை அதற்குக் கீழே போனால் வித்தியாசத்தைக் கான்பெரா தரும். மேலே போனால் நிறுவனம் திருப்பித் தரும். அந்த உறுதியை நம்பித்தான் புதிய காற்றாலைகள் எழுந்தன. என்றோ கட்டிய அணையின் மின்சாரத்துக்குப் ‘பசுமை’ என்ற சான்றிதழ் மட்டும் வாங்கிக்கொண்டு பெருமை பேசும் நகரம் புதிதாக ஒரு யூனிட்டைக்கூட உருவாக்குவதில்லை. இரண்டையும் ஒரே தட்டில் வைப்பதை என்னால் ஏற்க முடியாது.

உற்பத்தி செய்யும் ஊரின் பங்கு என்ன? டென்மார்க்கில் 2009-இல் நடைமுறைக்கு வந்த சட்டம், புதிய காற்றாலையின் பங்குகளில் குறைந்தது 20 சதவீதத்தை உள்ளூர் மக்களுக்கு விற்க முன்வர வேண்டும் என்றது; 4.5 கிலோமீட்டருக்குள் வசிப்பவர்களுக்கே முன்னுரிமை. பின்னாளில் அந்த விதி மாறிவிட்டாலும் அதன் நியாயம் எனக்கு இன்றும் சரியாகவே படுகிறது. ஆனால் பங்கு வாங்கவும் கையில் பணம் வேண்டும். குத்தகைப் பணமோ பட்டா வைத்திருப்பவருக்குத்தான் போகும். அதே நிலத்தில் ஆடு மேய்த்தவருக்கும் கூலிக்கு உழுதவருக்கும் சூரியப் பூங்காவுக்கு வேலி போட்ட நாளோடு பிழைப்பு போய்விடுகிறது. எந்த ஒப்பந்தத்திலும் அவர்கள் கையெழுத்து இல்லை. மின்சாரம் வாங்கும் நகரம், யூனிட் விலையில் ஒரு சிறு பகுதியை அவர்கள் பெயரில் ஒதுக்குவதை ஏல நிபந்தனையாகவே எழுத வேண்டும்.