புறம்போக்கு மே மாதம்

சென்ற வாரம் ஒரு திருமணப் பந்தியில் எனக்குப் பக்கத்து இலையில் அமர்ந்திருந்த பெரியவர், நான் அரசு உயர்நிலைப் பள்ளியில் அறிவியல் ஆசிரியை என்று தெரிந்ததும், சோற்றைக் குழித்து ரசத்துக்கு அணை கட்டிக்கொண்டே, "ஒங்களுக்கென்னம்மா, ரெண்டு மாசம் லீவு, முழுச் சம்பளம்" என்றார். இப்படிச் சொல்பவர்களிடம் நான் வழக்கமாகச் சிரித்துவிட்டு அப்பளத்தைப் பார்ப்பேன். அன்றும் அப்படித்தான் செய்தேன். ஆனால் வீடு திரும்பும் வழியெல்லாம் பேருந்தில் அவருக்கு மனதுக்குள் பதில் சொல்லிக்கொண்டே வந்தேன். ஒரு பந்தியில் சொல்லி முடிக்கக்கூடிய அளவைத் தாண்டி அது நீண்டுவிட்டதால் இங்கே எழுதுகிறேன்.

முதலில் ஒப்புக்கொள்ள வேண்டியதை ஒப்புக்கொண்டுவிடுகிறேன். கோடை விடுமுறை எங்களுக்கு உண்டு. அது எனக்குப் பிடிக்கும். அதில் யாராவது கை வைக்க வந்தால் முதல் ஆளாகக் கொடி பிடிப்பேன். மே மாதத்திலும் மாடாய் உழைக்கிறோம் என்று சக ஆசிரியர்கள் சிலர் எழுதும்போது, மதியம் பன்னிரண்டு மணிக்குத் திண்ணையில் படுத்தபடி அதைப் படிக்கிற எனக்குக் கொஞ்சம் கூச்சமாகத்தான் இருக்கும். பெரியவர் சொன்ன இரண்டு மாதக் கணக்கு தவறு என்பதும், விடுமுறை உள்ள துறையில் இருப்பதாலேயே எங்களுக்கு ஈட்டிய விடுப்பு மற்ற அரசு ஊழியர்களைவிடக் குறைவு என்பதும் உண்மைதான். ஆனால் என் வருத்தம் நாள் கணக்கைப் பற்றியது அன்று. ஆசிரியரின் மே மாதத்தை ஊரும் உறவும் துறையும் புறம்போக்கு நிலமாகப் பார்க்கின்றன. பட்டா யார் பெயரிலும் இல்லை. ஆகவே யார் வேண்டுமானாலும் மாட்டைக் கட்டலாம், வைக்கோல் போர் போடலாம், கேட்பதற்கு ஆள் கிடையாது.

கோடை எப்போது தொடங்குகிறது என்று பஞ்சாங்கத்தைக் கேட்டால் அக்கினி நட்சத்திரம் என்று மே 4-ஆம் தேதியைக் காட்டும். என் கணக்கில் அது ஏப்ரலிலேயே, எங்கள் ஊர்ச் சாலையில் உளுந்துச் செடியை விரிக்கும் நாளில் தொடங்கிவிடுகிறது. சம்பாவும் தாளடியும் அறுப்பதற்குச் சில நாட்களுக்கு முன் நெற்பயிருக்குள்ளேயே தெளித்துவிட்ட உளுந்தும் பயறும், மண்ணில் மிச்சமிருக்கும் ஈரத்தையும் பனியையும் குடித்தே வளர்ந்து முற்றியவுடன், அவற்றைக் களத்துக்குக் கொண்டுபோய்க் கூலி கொடுத்து அடிப்பதைவிடத் தார்ச்சாலையில் பரப்பிவிட்டால் போகிற வருகிற பேருந்தும் லாரியும் இலவசமாக அடித்துக் கொடுத்துவிடும் என்பது, மன்னார்குடிப் பக்கத்தில் பிறந்த எவருக்கும் தெரிந்த ஏற்பாடு. பேருந்துக்கும் லாரிக்கும் அது பொருட்டில்லை. ஸ்கூட்டருக்குத்தான் ஆபத்து.

பத்தாம் வகுப்பு விடைத்தாள் திருத்தும் முகாமுக்கு நேரமாகிவிட்டதென்று வேகமாகப் போன நான், ஒரு வளைவில் அந்தச் செடிப் பரப்பின் மேல் ஏறினேன். காய்ந்த கொடி சக்கரத்தில் சுற்றிக்கொள்ள, ஸ்கூட்டர் ஒரு பக்கமும் நான் ஒரு பக்கமும் மதிய உணவு டப்பா வேறொரு பக்கமுமாக விழுந்தோம். நிழலில் அமர்ந்திருந்த தாத்தா ஓடி வந்தார். வண்டியைத் தூக்கி நிறுத்தினார், பிறகு நான் விழுந்த வேகத்தில் சாலையோரப் புல்லுக்குச் சிதறிய உளுந்தைக் கையால் கூட்டி நடுவில் தள்ளினார், அதற்குப் பிறகுதான், "அடி கிடி பட்டுச்சாம்மா?" என்று கேட்டார். முழங்கை சிராய்த்திருந்ததைக் காட்டினேன். அவர் மிகுந்த இரக்கத்தோடு பார்த்துவிட்டு, "சாயங்காலம் திரும்பறப்பவும் இப்புடியே மேல ஏத்திப் போங்க டீச்சர், இன்னும் ரெண்டு பொரட்டுல முடிஞ்சிரும்" என்றார். கோபம் வந்திருக்க வேண்டும், வரவில்லை. மாலையில் திரும்பும்போது சொன்னபடியே அதன் மேல் ஏற்றி, மெதுவாக, முழு நீளத்துக்கும் ஓட்டிக்கொண்டு போனேன். ஏன் அப்படிச் செய்தேன் என்று இன்றுவரை எனக்கு விளங்கவில்லை.

அன்றைய பகல் முழுவதும் முழங்கையை மேசையில் ஊன்ற முடியாமல், பிளாஸ்திரியிலிருந்து கசியும் ரத்தம் தாளில் பட்டுவிடுமோ என்ற பயத்துடன் சிவப்பு மைப் பேனாவால் திருத்திக்கொண்டிருந்தேன். விடைத்தாள் திருத்துவதைப் பற்றி வெளியில் இருப்பவர்களுக்குப் பல கதைகள் தெரியும். பத்தொன்பது என்ற எண்ணைப் பற்றித் தெரியாது. அறிவியலில் எழுத்துத் தேர்வுக்கு 75 மதிப்பெண், செய்முறைக்கு 25. எழுத்தில் குறைந்தது 20 எடுத்தாக வேண்டும். கூட்டிப் பார்த்து 19 வந்தால் பேனா தானாக நின்றுவிடும். உடனே தாளை முதல் பக்கத்துக்குப் புரட்டி, படம் வரைந்து பாகம் குறிக்காமல் விட்டதற்கு அரை மதிப்பெண் உண்டா, சமன்பாட்டைப் பாதியில் நிறுத்திய இடத்தில் ஒன்று உண்டா என்று, தொலைந்துபோன மூக்குத்தியைத் தேடுவதைப் போலத் தேடுவோம். கிடைத்துவிட்டால் அன்றைக்குச் சாப்பாடு இறங்கும். கிடைக்காமல் போன இரண்டு தாள்கள் இன்னும் எனக்கு நினைவில் இருக்கின்றன. எழுதியவர் யார் என்று தெரியாது, கையெழுத்து மட்டும் கண்ணில் நிற்கிறது. இதைச் சும்மா இருக்கிற காலம் என்று சொல்ல முடியாது, ஆனால் இதுவும் வேலை நாள்தான், விடுமுறையில்லை. ஆகவே இதைப் பற்றி எனக்கு முறையீடு கிடையாது.

முறையீடு மே மாதத்தில் தொடங்குகிறது.

எந்தப் பள்ளியிலும் வயதில் இளையவர் எவரோ அவரே கம்ப்யூட்டர் தெரிந்தவர் என்பது எழுதப்படாத அரசாணை. நான் பணியில் சேர்ந்தது 2022-இல். அன்றிலிருந்து எங்கள் பள்ளியின் எமிஸ் தளம், அதாவது மாணவர் விவரங்களைப் பதியும் கல்வித் துறையின் இணையதளம், என் கைப்பேசியில்தான் குடியிருக்கிறது. ஒரு மாணவன் வேறு பள்ளிக்குப் போக வேண்டுமென்றால், மாற்றுச் சான்றிதழ் கொடுத்துவிட்டால் மட்டும் போதாது. தளத்தில் அவனைப் பொதுத் தொகுப்புக்கு, எங்கள் வழக்கில் காமன் பூலுக்கு, அனுப்பினால்தான் அடுத்த பள்ளி அவனை எடுத்துக்கொள்ள முடியும். பெற்றோருக்கு இந்த நினைவு மே மாதத்தில், சரியாகக் காலை ஒன்பது மணிக்கு வரும்.

அப்படியொரு காலையில் அம்மா மாடியில் கூழ் வத்தல் போட்டிருந்தார். விடியற்காலை நான்கு மணிக்கு எழுந்து அரிசிமாவைக் கிண்டி, உப்பும் பச்சைமிளகாயும் அரைத்துச் சேர்த்து, அப்பாவின் பழைய எட்டு முழ வேட்டியை நனைத்து விரித்து, கரண்டி கரண்டியாக ஊற்றி முடித்துவிட்டு, "நீ சும்மாதானே இருக்க, காக்கா வராமப் பாத்துக்க" என்று கறுப்புக் குடையை என்னிடம் ஒப்படைத்துவிட்டுப் போனார். பத்து நிமிடத்தில் தலைமையாசிரியர் அழைத்தார். மாடியில் சிக்னல் உண்டு, இணையம் வராது. ஆகவே வாசல் வேம்படிக்கு இறங்கினேன். ஓடிபி வந்தது, காலாவதியானது, மறுபடி வந்தது. அந்த மாணவனை நான் வெற்றிகரமாகக் காமன் பூலில் இறக்கிவிட்டு நிமிர்ந்தபோது, வயல் பக்கமிருந்து கிளம்பிய ஒரு சூறைக்காற்று தெருப்புழுதியைச் சுருட்டிக்கொண்டு எங்கள் மாடிக்கு ஏறிக்கொண்டிருந்தது. நான் போய்ச் சேர்ந்தபோது வேட்டி நான்காக மடிந்து, ஈரமாக இருந்த வத்தல் எல்லாம் ஒன்றோடொன்று ஒட்டி ஒரே வத்தலாகிவிட்டிருந்தது. காக்கை ஒன்றுகூட வரவில்லை என்பதை நான் அம்மாவிடம் குறிப்பிட்டேன். அது எடுபடவில்லை. பிறகு அதைக் கத்தரியால் துண்டு போட்டுக் காயவைத்தார்; நூல் ஒட்டிய அந்தத் துண்டுகளை ஆடி மாதம் வரை சாம்பாருக்கு வறுத்துத் தின்றோம். ஒவ்வொரு முறையும் காமன் பூலின் பெயர் பந்தியில் அடிபட்டது.

உறவினர் பிள்ளைகளைப் பற்றி நீட்டி எழுதப் போவதில்லை. ஆசிரியர் இருக்கும் எந்த வீட்டிலும் இதே கதைதான். கணக்கு வராத ஒரு அத்தை பிள்ளையாவது மே மாதத்தில் ஒரு பையுடன் வந்து இறங்குவான். பையில் நான்கு சட்டை இருக்கும், கணக்குப் புத்தகம் இருக்காது. பெண் பார்க்க வருபவர்களும், "டீச்சருக்கு லீவுல வெச்சுக்கலாம்" என்று கத்திரி வெயிலுக்குள்தான் தேதி குறிப்பார்கள். மின்சாரம் நின்றுபோன ஒரு மதியத்தில் பட்டுப்புடவை கட்டிக்கொண்டு காப்பித் தட்டுடன் நடந்தவர்களுக்கு மட்டும் நான் எதைச் சொல்கிறேன் என்று புரியும்.

மாணவர் சேர்க்கைக்காக வீடு வீடாகப் போவதை மட்டும் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனெனில் அது விடுமுறைக்குள் வந்தாலும் நான் குறை சொல்லாத ஒரே வேலை. நாங்கள் ஆறாம் வகுப்பிலிருந்து தொடங்கும் பள்ளி. ஐந்தாம் வகுப்பு முடித்த பிள்ளைகளின் பெயர்ப் பட்டியலோடு நானும் தமிழாசிரியை அக்காவும் முதல் நாள் காலை பதினொரு மணிக்குப் போனோம். நூறு நாள் வேலைக்கும் பருத்திக் கொல்லையில் களை எடுக்கவும் எல்லோரும் போய்விட்டிருந்ததால் திண்ணையில் கிழவிகளும் நாய்களும் மட்டுமே இருந்தனர். மறுநாளிலிருந்து மாலையில் போனோம். அந்த இரண்டாம் நாளில், பகல் வெயிலில் இளகிய தார் இன்னும் இறுகாத தெருவில் என் செருப்பு ஒட்டிக்கொண்டு வார் அறுந்தது. அறுந்த செருப்பைக் கையில் பிடித்தபடி ஒற்றைக்காலால் நொண்டி நுழைந்த வீட்டில், நான் மனப்பாடமாக வைத்திருந்ததை ஒப்பித்தேன்: ஆறாம் வகுப்பு முதல் பிளஸ் டூ வரை அரசுப் பள்ளியில் படித்தால் மருத்துவப் படிப்பில் 7.5 சதவீத உள்ஒதுக்கீடு உண்டு, பெண் பிள்ளை கல்லூரிக்குப் போனால் மாதம் 1000 ரூபாய் கிடைக்கும்.

அந்த அம்மா பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அதெல்லாம் ஏழு வருசம் கழிச்சு டீச்சர். வேன் காலையில எட்டு மணிக்கே வாசல்ல வந்து நிக்கிதே" என்றார். என்னிடம் அதற்குப் பதில் இல்லை. களை எடுக்க ஆறு மணிக்கே கிளம்பிவிடும் ஒரு தாய்க்கு, பிள்ளையை வாசலில் வந்து ஏற்றிக்கொண்டு போகும் வண்டி என்பது ஆடம்பரமன்று. அவர் வாங்குவது ஆங்கிலத்தை என்று நாம் நினைக்கிறோம், பாதி பேர் வாங்குவது அந்த வேனைத்தான். புறப்படும்போது, "வெறுங்காலோட போகாதீங்க" என்று தன் ரப்பர் செருப்பைக் கழற்றிக் கொடுத்தார். ஒரு வாரம் கழித்து அதைத் திருப்பிக் கொடுக்கப் போனபோது பெண்ணை வேன் பள்ளியில் சேர்த்துவிட்டதைச் சங்கடத்தோடு சொன்னார். சொல்லிவிட்டு ஆறு நுங்கைப் பனையோலையில் கட்டிக் கொடுத்தார்.

இந்த மாதத்தின் நிலையை வீட்டில் சரியாகப் புரிந்துகொண்டவர் அப்பா மட்டுமே. ஒன்பது மா, அதாவது மூன்று ஏக்கர், நிலத்துக்குப் பட்டா வைத்திருந்தாலும் அவருடைய மே மாதத்துக்கும் பட்டா கிடையாது. கோடை மழை ஒன்று பெய்தவுடன் வெறும் வயலை உழுதுபோட்டு, புல்வேரும் கூட்டுப்புழுவும் வெயிலில் காயட்டும் என்று அவர் விட்டுவைத்திருப்பதைப் பார்த்து, "தண்ணி வர்ற வரைக்கும் சும்மாதானே இருக்கீங்க" என்று கோயில் தேரோட்டம் முதல் மாமன் வீட்டுக் காதுகுத்து வரை அவரை இழுத்துப் போவார்கள்.

எங்கள் இருவருக்குமே விடுதலையும் கெடுவும் ஜூன் மாதத்தில்தான். 2023-ஆம் ஆண்டு பள்ளி ஜூன் 1 என்றார்கள். வெயில் தணியவில்லை என்று 7 என்றார்கள். கடைசியில் ஆறாம் வகுப்புக்கு மேல் ஜூன் 12 என்று முடிவானது. நாள் தள்ளத் தள்ள ஊரே என்னை வாழ்த்தியது. தள்ளிய ஒவ்வொரு நாளுக்கும் வீட்டில் ஒரு வேலை முளைத்தது. அதே ஜூன் 12 அன்று மேட்டூர் அணையும் திறந்தது. அந்தத் தண்ணீர் கல்லணைக்கு வந்து, வெண்ணாற்றில் இறங்கி, நீடாமங்கலம் மூணாறு தலைப்பில் பிரிந்து எங்கள் வாய்க்காலைத் தொட இன்னும் பல நாள் ஆகும் என்றாலும், அப்பா அன்றே மண்வெட்டிக்குப் புதுக் காம்பு போட்டார். அடுத்த ஆண்டு நான் ஜூன் 10-இல் பள்ளிக்குப் போய்விட்டேன். அணையோ தண்ணீர் இல்லாமல் ஜூலை 28-இல்தான் திறந்தது. அந்த ஏழு வாரமும் அப்பாவைப் பார்த்து, "சும்மாதானே" என்று சொல்ல வந்தவர்களை நான் திண்ணையிலேயே மடக்கி அனுப்பினேன்.

ஆகவே இந்த ஆண்டு வீட்டில் அறிவித்துவிட்டேன். அத்தை பிள்ளைக்குக் காலை ஏழு முதல் எட்டு வரை, புத்தகத்தோடு வந்தால் மட்டும். எமிஸ் வேலை வாரத்தில் இரண்டு நாள். சேர்க்கைக்கு எத்தனை மாலை வேண்டுமானாலும் போவேன். ஆனால் மதியம் பன்னிரண்டிலிருந்து மூன்று வரை நானும் திண்ணையும் இருக்கிற இடம் என் பெயரில் பட்டா போட்டது, அதில் யாரும் மாடு கட்டக் கூடாது என்றேன். அம்மா முறத்திலிருந்து தலையை நிமிர்த்தாமலே கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, "பட்டா கெடக்கட்டும், மாடியில காக்கா சத்தம் கேக்குது பாரு" என்றார்.