மருத்துவக் கட்டணம் கட்டினால் காப்பீட்டு அட்டை செல்லாதா?

"கல்லூரியில் மருத்துவக் கட்டணம் கட்டிய முதுநிலை மாணவர்களுக்கு முதலமைச்சர் காப்பீட்டு அட்டை செல்லாது" என்று ஊட்டி, குன்னூர் மாணவர்களின் வாட்ஸ்அப் குழுக்களில் ஒரு தகவல் சுற்றுகிறது. தவறு.

அந்தக் கட்டணம் வளாகத்து மருந்தகத்துக்கு: முதலுதவி, காய்ச்சல் மாத்திரை, அந்த அளவுதான். காப்பீடு வேறு கணக்கு. ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் உள்ள குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை கிடைக்கும். கல்லூரி ரசீதுக்கு இதில் வேலையே இல்லை. ஆய்வு மாணவர்கள் பார்க்க வேண்டியது வயதைத்தான். 25 முடிந்தாலோ, அதற்குள் வேலையோ கல்யாணமோ ஆனாலோ பெற்றோரின் அட்டையில் பிள்ளைக்கு இடமில்லை. இதை யாரோ அரைகுறையாகக் கேட்டுத்தான் வதந்தி கிளம்பியிருக்கும் போல.

அப்புறம், சாதாரணக் காய்ச்சலுக்கு அரசு மருத்துவமனைக்குப் போக எந்த அட்டையும் வேண்டாம். 108 ஆம்புலன்சுக்கும் காசில்லை. கட்டணம் எங்கே போகிறது என்று மாணவர் பேரவை தாராளமாகக் கணக்குக் கேட்கட்டும்.