சான் அன்டோனியோவை விட்டுவிட்டீர்களே

பழைய குவாரியில் அமைந்த கோல்ஃப் மைதானங்கள் பற்றிய உங்கள் கட்டுரையில், அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் உள்ள சேம்பர்ஸ் பே மைதானம் பற்றியே எழுதியிருக்கிறீர்கள். சரி, 2015 யுஎஸ் ஓப்பன் கோல்ஃப் போட்டி நடந்த இடம், அந்தப் புகழ் நியாயம்தான். ஆனால் டெக்சஸின் சான் அன்டோனியோவில் 1993-இல் திறந்த ‘தி குவாரி’ மைதானம் பற்றி ஏன் ஒரு வரிகூட இல்லை? கீத் ஃபாஸ்டர் வடிவமைத்தது, கட்டணம் கட்டி யாரும் ஆடலாம். முதல் 9 குழிகள் புல்லும் காற்றுமாகத் திறந்த வெளி. அப்புறம் அடுத்த 9-க்கு, சிமென்ட்டுக்காகச் சுண்ணாம்புக்கல் வெட்டியெடுத்த பெரும் பள்ளத்துக்குள் இறங்குகிறோம், சுற்றிலும் செங்குத்தான பாறைச் சுவர், பந்து கொஞ்சம் விலகினாலும் கல்லில் பட்டு எங்கே தெறிக்கும் என்று சொல்ல முடியாது. ஒரே சுற்றில் இரண்டு வேறு மைதானங்கள் ஆடிய உணர்வு! இதைப் பற்றியும் தனியாக எழுதுங்கள்.