பூண்டு உப்பு போட்டால் பிரஷர் ஏறாதா?

"சாதா உப்புக்குப் பதில் பூண்டு உப்பு, மிளகு உப்பு பாவியுங்கள், பிரஷர்காரர்களும் தாராளமாகப் போடலாம்" என்று வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி சுற்றுகிறது. இது தவறு.

கடைப் போத்தலைத் திருப்பிப் பாருங்கள். சேர்மானப் பட்டியலில் முதலில் நிற்பது பெரும்பாலும் உப்புதான். எது அதிகமோ அதுதான் முதலில் வரும். பூண்டு உப்பில் வழக்கமான அளவு மூன்று பங்கு உப்புக்கு ஒரு பங்கு பூண்டுத்தூள். ஒரு தேக்கரண்டியில் ஏறக்குறைய 4 கிராம் உப்பு போய்விடும். உலக சுகாதார நிறுவனம் பெரியவர்களுக்குச் சொல்வதோ நாளுக்கு 5 கிராமுக்குக் கீழே.

உண்மையில் கெடுப்பது இரட்டை உப்பு. போஞ்சியை உப்புப் போட்டு அவித்துவிட்டு, இறக்கும்போது மேலேயும் தூவுகிறோம். ரொட்டி மாவில் ஒரு தடவை, சம்பலில் இன்னொரு தடவை.

வாசனைதான் வேண்டுமென்றால் வீட்டிலேயே செய்யலாம். மிளகுத்தூள் 3 தேக்கரண்டி, வறுத்த சின்னச்சீரகத்தூள் 1, மொறுமொறுவென வறுத்து நொறுக்கிய கறிவேப்பிலை 1, உப்பு 1. நன்றாக ஆறிய பிறகே போத்தலில் அடையுங்கள். நுவரெலியா, அட்டன் பக்க ஈரத்துக்குச் சூட்டோடு அடைத்தால் மறுநாளே கட்டிதான். உப்பு அடியில் இறங்கிவிடும், ஒவ்வொரு முறையும் குலுக்குங்கள். அடுப்பை அணைத்த பிறகு தூவுங்கள். கடைப் பூண்டு உப்பும் அப்படித்தான், கொதிக்கும் எண்ணெயில் அதிலுள்ள பூண்டுத்தூள் கருகிக் கசக்கும்.

சோடியம் குறைந்த உப்பு வேறு சங்கதி. அதில் பொட்டாசியம் இருக்கும். சிறுநீரக நோயாளிகள் டொக்டரைக் கேட்காமல் தொடக்கூடாது.